சூசைக்குக் கிடைக்காத பங்க்

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த மறுநாளே நம் காலனிகளில் உள்ள கிறிஸ்தவ வீடுகளில் ஒரு பேச்சு தொடங்கிவிடும். சாதிச் சான்றிதழ் எப்படி வாங்குவது? கிறிஸ்தவ ஆதிதிராவிடர் என்று வாங்கினால் பிள்ளை பி.சி. பட்டியலில் நிற்கும். இந்து ஆதிதிராவிடர் என்று வாங்கினால் எஸ்.சி. பட்டியல். அண்ணன் பிள்ளை ஒரு பட்டியலிலும் தம்பி பிள்ளை இன்னொரு பட்டியலிலும் இருக்கும் குடும்பங்கள் எத்தனையோ உண்டு. தாத்தா ஒருவர்தான், தெருவும் ஒன்றுதான், ஊருக்குள் போனால் கிடைக்கும் மரியாதையும் ஒன்றுதான்.

கடைசியில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "இந்த வேதத்தைப் பிடித்துக்கொண்டு என்ன கண்டோம்? விட்டுவிட்டால் என்ன?"

கடவுள் இருக்கிறாரா இல்லையா என்ற சந்தேகத்தில் எழும் கேள்வி அல்ல இது. ஜெபத்துக்குப் பதில் வரவில்லையே என்ற மனச்சோர்வும் அல்ல. கல்விக் கட்டணம், அரசு வேலை, தனித் தொகுதி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்து, ஞானஸ்நானத்தை மறு தட்டில் வைத்து எடை போடச் சொல்கிறார்கள். உலகத்தில் எத்தனையோ கிறிஸ்தவர்களுக்கு விசுவாசம் சோதிக்கப்படுகிறது. ஆனால் அரசு ஆணை போட்டுச் சோதிக்கப்படுகிறவர்கள் நம் மக்கள்.

அந்த ஆணைக்குத் தேதி உண்டு: 1950 ஆகஸ்ட் 10. அன்று குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து மதம் அல்லாத வேறு மதத்தைப் பின்பற்றுகிறவர் எவரும் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்றது. 1956இல் சீக்கியர்களுக்காகத் திருத்தினார்கள். 1990இல் பௌத்தர்களுக்காகத் திருத்தினார்கள். கிறிஸ்தவர்களும் இஸ்லாமியர்களும் இன்றுவரை வெளியே நிற்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 10 அன்று பல கோயில்களில் கருப்புக் கொடி ஏறுவது இதனால்தான். பார்க்கும் பிள்ளைகளுக்குக் காரணம் தெரிவதில்லை. அவர்களுக்குச் சூசையின் கதையைச் சொல்ல வேண்டும்.

சூசை சென்னையில் சாலையோரம் உட்கார்ந்து செருப்புத் தைத்தவர். ஆதிதிராவிடக் கிறிஸ்தவர். 1980களின் தொடக்கத்தில், சாலையோரம் வெயிலிலும் மழையிலும் தொழில் செய்யும் செருப்புத் தொழிலாளர்களுக்கு இலவசமாகப் பங்க் கொடுக்கும் திட்டம் வந்தது. பட்டியல் சாதியினருக்கான நிதி என்பதால் இந்துவாக இருந்தவர்களுக்குக் கிடைத்தது. அதே தோல், அதே ஊசி, அதே சாலை என்றாலும் கிறிஸ்தவரான சூசைக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

இந்த இடத்தில் சூசைக்கு ஒரு சுலபமான வழி இருந்தது. நம் தெருக்களில் பலரும் பிடித்த வழிதான். பெயரை மாற்றி, சான்றிதழை மாற்றி, பங்க்கை வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் தெரியாமல் கோயிலுக்குப் போயிருக்கலாம். அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். நான் கிறிஸ்தவன்தான், ஆனால் என் சாதி என்னை விட்டுப் போகவில்லையே என்று கேட்டார். செருப்புத் தைக்கிற ஒருவர் இந்திய அரசை எதிர்த்து வழக்காடியதே பெரிய காரியம். அதையும் தன் மதத்தை மறைக்காமல் செய்தார் என்பதுதான் நம்மை நிற்க வைக்கிறது.

1985இல் தீர்ப்பு வந்தது. சூசை தோற்றார். இந்து சமூகத்தில் இருந்த சாதிக் கொடுமையின் கடுமை மதம் மாறிய பிறகும் கிறிஸ்தவ சமூகத்துக்குள் அப்படியே தொடர்கிறது என்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்றது நீதிமன்றம்.

இதில் உள்ள சிக்கலைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். விசுவாசத்தில் நிலைத்திருக்கும் ஒரு தலித் கிறிஸ்தவர் தன் உரிமையைப் பெற வேண்டுமானால், தன் சொந்த வீட்டின் வெட்கத்தைத் தானே எடுத்துத் தெருவில் வைக்க வேண்டும். என் சபையில் தீண்டாமை இருக்கிறது என்று அவரே நிரூபிக்க வேண்டும். சொன்னால் சபையில் உள்ள மேல்சாதியார் பகை. சொல்லாவிட்டால் ஆதாரம் இல்லை என்பார்கள்.

ஆதாரத்துக்கா பஞ்சம்? திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களைச் சாதி வாரியாகப் பிரித்த சுவர் நாடறிந்தது. அன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதை ஒட்டி 2008 மார்ச்சில் கலவரம் வெடித்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். இறந்த இருவரும் தலித்துகள் அல்லர், வன்னியக் கிறிஸ்தவர்கள். சாதி யாரையெல்லாம் பலி வாங்கும் என்பதற்கு அதுவும் ஒரு கணக்கு. இவை செய்தியில் வந்தவை. திருவிழாவில் நம்மிடம் தலைக்கட்டு வரி வாங்க மறுப்பதும், சப்பரம் நம் தெரு முனையோடு திரும்பிவிடுவதும் செய்தியில் வராமல் நடக்கிறவை.

திருச்சபையின் மேல்மட்டத்துக்கு இது தெரியாமல் இல்லை. 2003இல் தமிழக ஆயர்கள் ரோமுக்குப் போனபோது, போப் இரண்டாம் ஜான் பால் சாதி வேறுபாட்டைக் கண்டித்துப் பேசி அனுப்பினார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை வெளியிட்டு, சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டதற்கு நன்றி. அந்தத் தாள் எத்தனை பங்குகளின் அறிவிப்புப் பலகைக்கு வந்தது என்று கேட்கவும் நமக்கு உரிமை உண்டு.

அரசுப் பக்கமும் தாள்களுக்குக் குறைவில்லை. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் தந்த அறிக்கையில், மூன்றாவது பத்தியை எடுத்துவிடச் சொன்னது. உச்ச நீதிமன்றத்தில் 2004 முதல் வழக்குகள் சேர்ந்துகொண்டே வந்தன. 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் போட்டார்கள், காலக்கெடுவை நீட்டினார்கள். 2023 ஏப்ரலில் தமிழக சட்டமன்றம் தீர்மானம் போட்டு மத்திய அரசுக்கு அனுப்பியது.

இதற்கு நடுவே கதவு இன்னும் இறுகியிருக்கிறது. புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண், ஞானஸ்நானம் பெற்றுக் கோயிலுக்கும் போய்க்கொண்டு, வேலைக்காக இந்து பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டதை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மறுத்தது. விசுவாசம் ஒன்று, சான்றிதழ் இன்னொன்று என்று இருப்பது அரசமைப்புச் சட்டத்தின் மீதான மோசடி என்றது. 2025 ஏப்ரலில் ஆந்திர உயர் நீதிமன்றம், கிறிஸ்தவராகிப் போதகராக இருப்பவர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குத் தொடுக்க முடியாது என்றது. மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வீட்டில் ஒன்று, தாளில் ஒன்று என்று ஒரு தலைமுறை ஓட்டியதுபோல இனி ஓட்ட முடியாது. வேலைக்குச் சேர்ந்து இருபது ஆண்டு கழித்தும் விசாரணை வரலாம்.

இத்தனைக்குப் பிறகும் ஏன் இருக்கிறார்கள்? கோதுமைக்கும் பால்பவுடருக்கும் மாறியவர்கள் என்று நம்மை ஏளனம் செய்கிறவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. சலுகைக்காக வந்தவர்கள் என்றால், இருப்பதால் நட்டம் என்று தெரிந்த அன்றே போயிருக்க வேண்டாமா?

பதில் தேட இருநூறு ஆண்டு பின்னால் போனால் குமரி மாவட்டத்து மயிலாடி வருகிறது. அன்றைக்கு அது திருவிதாங்கூர். சாம்பவர் குலத்தில் பிறந்த மகாராசன் சிதம்பரம் யாத்திரை போனவர். தஞ்சாவூரில் வேதத்தைக் கேட்டு, வேதமாணிக்கம் என்று ஞானஸ்நானம் பெற்று ஊர் திரும்பினார். அவர் அழைத்துத்தான் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானிய மிஷனரி 1806இல் மயிலாடிக்கு வந்தார். வெள்ளைக்காரர் வந்து நம்மை மாற்றினார் என்பது பாதிக் கதைதான். நம்மவர் போய்க் கூட்டிவந்தார் என்பதும் சேர்ந்தால்தான் முழுக் கதை.

தலைவரியும் ஊழியமும் தீரும் என்ற நம்பிக்கையில் பலர் வந்தார்கள். மிஷனரிக்கே அது தெரியும். வந்தவர்களுக்கு உடனே எதுவும் தீரவில்லை, ஊரின் பகை கூடியது. 1816இல் ரிங்கல்தௌபே உடல்நலம் கெட்டுப் புறப்பட்டுப் போய்விட்டார். அடுத்த மிஷனரி மீட் வந்து சேர ஏறத்தாழ இரண்டு ஆண்டு ஆனது. அந்த இடைக்காலத்தில் வெள்ளைக்காரர் பாதுகாப்பும் இல்லை, பணமும் இல்லை. சபையை விட்டுவிட அதைவிட நல்ல சந்தர்ப்பம் யாருக்கும் கிடைத்திருக்காது. வேதமாணிக்கம் சபைகளைச் சுற்றிவந்து கூட்டிப் பிடித்து வைத்திருந்தார்.

எதற்காக? அவர் மனதுக்குள் நாம் போய்ப் பார்க்க முடியாது. ஆனால் இன்று இருக்கிறவர்களைக் கேட்டால் ஒன்று தெரியும். நடவு முடித்து வந்து மண்ணெண்ணெய் விளக்கில் ஜெபமாலை சொன்ன பாட்டிகளுக்கு, உலகத்தில் தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரே இடமாக அது இருந்தது. வயலில் 'ஏ' என்றும் 'இந்தா' என்றும் கூப்பிடப்பட்டவளுக்கு ஞானஸ்நானப் புத்தகத்தில் ஒரு பேர் இருந்தது. பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதையில் அடிபட்டுப் போகிறவரைப் பார்க்கும்போது, அவர் யாருடைய ஆள் என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கோயில் முன்வரிசை யாருக்கு என்பதில் பங்குப் பேரவைக்குச் சந்தேகம் இருக்கலாம், அவளுக்கு இல்லை. வேதாகமத்தில் எபிரெயருக்கு எழுதிய நிருபமே, சொத்தைப் பறிகொடுத்து, அவமானப்பட்டு, திரும்பிப் போய்விடலாமா என்று நின்றவர்களுக்கு எழுதியது. அதை நம் தெருவில் படித்தால் புரிய உரைநூல் வேண்டாம்.

திரும்பிப் போனவர்களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அவர்களைத் துரோகி என்று பீடத்திலிருந்து திட்டுவது நமக்கு உடன்பாடில்லை. பிள்ளையின் மருத்துவப் படிப்பா ஞானஸ்நானமா என்ற இடத்தில் ஒரு தகப்பனை நிறுத்தியவர்கள் யார்? ஒரு கை 1950ஆம் ஆண்டு ஆணையினுடையது. மற்றொரு கை, கல்லறையில் சுவர் எழுப்பியவர்களுடையது. இருவரையும் விட்டுவிட்டு அந்தத் தகப்பனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயம் இல்லை.

இருக்கிறவர்கள் இருக்கட்டும். ஆனால் வாயை மூடிக்கொண்டு இருப்பதை விசுவாசம் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். சூசை கோயிலை விட்டும் போகவில்லை, கோர்ட்டுக்குப் போகாமலும் இருக்கவில்லை.

இந்த ஆண்டு கல்லூரி சேரும் கிறிஸ்தவ ஆதிதிராவிட மாணவர்களுக்கு ஒரு செய்தி. பி.சி. பட்டியலில் இருப்பதாலேயே எல்லாம் போய்விட்டது என்று எண்ணிப் படிப்பை நிறுத்திவிடாதீர்கள். கிறிஸ்தவராக மதம் மாறிய ஆதிதிராவிடர் என்ற வகையில் போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகைக்கு, வருமான வரம்புக்கு உட்பட்டு, தமிழக அரசின் திட்டத்தில் நீங்களும் விண்ணப்பிக்கலாம். ஆதிதிராவிடர் நல விடுதிகளிலும் உங்களுக்கு இடம் உண்டு. விண்ணப்பத்தில் உங்கள் வகைக்குத் தனியாக ஒரு கட்டம் இருக்கும். அலுவலகத்தில் இல்லை என்று திருப்பி அனுப்பினால், மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலரிடம் எழுத்தில் மனு கொடுங்கள். கொடுத்ததற்கு ரசீது வாங்க மறக்காதீர்கள்.