திரைக்குள் நுழைந்த பொம்மைகள் – 6: பீடத்தில் உறையும் நினைவு

மாட்டெல் நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஃபங்கீஸ் பொம்மைகள் கணினி விளையாட்டின் பூட்டிய பகுதிகளைத் திறக்கும் சாவிகளாகவே இருந்தன என்பது சென்ற வாரம் சொல்லப்பட்டது. பொம்மை விற்பனை 2016இல் சரிந்த காரணங்களை இவ்வாரம் ஆராய்வதாக இருந்தாலும், இழந்தது இன்னதென அறியாமல் இழப்பை அளக்க முடியாது என்பதால், பொம்மையின் பீடத்துக்குள் இருப்பதை முதலில் பார்த்துவிடுவது முறையாகும்.

கலிஃபோர்னியாவின் நொவாட்டோ நகரைச் சேர்ந்த டாய்ஸ் ஃபார் பாப் குழு உருவாக்கி, ஆக்டிவிஷன் நிறுவனம் 2011 அக்டோபரில் வெளியிட்ட ஸ்கைலேண்டர்ஸ் விளையாட்டில், ‘போர்ட்டல் ஆஃப் பவர்’ என்னும் வட்ட மேடையின் மீது பொம்மையை வைத்த மறுகணம் அதே பாத்திரம் திரையில் உயிர்பெற்று நிற்கும். பொம்மைக்குள் பேட்டரி கிடையாது. மேடைக்குள் உள்ள கம்பிச்சுருளில் பாயும் மாறுதிசை மின்னோட்டம், நொடிக்கு 1 கோடியே 35 லட்சத்து 60 ஆயிரம் முறை, அதாவது 13.56 மெகாஹெர்ட்ஸ் அளவில், அலைவுறும் காந்தப்புலத்தை எழுப்புகிறது; ஃபாரடே 1831இல் கண்டறிந்த மின்தூண்டல் விதிப்படி அப்புலம் பீடத்திலுள்ள சிறு சுருளில் மின்னோட்டத்தைத் தோற்றுவிக்க, அதைக் கொண்டே அங்குள்ள சில்லு விழித்துக்கொள்கிறது. சில்லுக்கெனத் தனி ஒலிபரப்பி எதுவும் இல்லை. தான் இழுக்கும் மின்சாரத்தைக் கூட்டியும் குறைத்தும் அது காட்டும் மிக நுண்ணிய மாற்றத்தையே மேடை விடையாகப் படித்துக்கொள்கிறது. 2012இல் வந்த ‘ஜயன்ட்ஸ்’ பொம்மைகள் மேடையைத் தொட்டதும் ஒளிர்ந்ததற்கும் இந்தக் கடன் மின்சாரமே காரணம்.

இந்த உத்தியின் மூதாதையாகக் கருதப்படும் கருவியும் சிறுவர்களின் கையிலிருந்தே வந்தது என்பது வியப்பளிக்கும் வரலாறு. 1945 ஆகஸ்டில் சோவியத் சிறார் இயக்கத்தினர், மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதர் ஏவரெல் ஹாரிமனுக்கு அமெரிக்க அரசு முத்திரை செதுக்கிய மரப்பலகை ஒன்றைப் பரிசளித்தனர். தொடாமலே வாசிக்கும் இசைக்கருவிக்குத் தன் பெயரைத் தந்த லெவ் தெரமின் வடிவமைத்த ஒட்டுக்கேட்புக் கருவி அதனுள் மறைந்திருந்தது. பேட்டரியோ மின்கம்பியோ இன்றி, வெளியிலிருந்து வானொலி அலை பாய்ச்சப்படும்போது மட்டும் அறையின் பேச்சை அவ்வலையிலேயே ஏற்றித் திருப்பி அனுப்பிய அக்கருவி, 1952 வரை தூதர் இல்லச் சுவரில் பிடிபடாமல் தொங்கியது.

ஒற்றறிய உதவிய அந்த உத்தி குழந்தையின் கைக்கு வந்தபோது, அதனோடு நினைவாற்றலும் சேர்ந்தது. ஸ்கைலேண்டர்ஸ் பொம்மையின் சில்லில் இருக்கும் இடம் 1,024 பைட் மட்டுமே. யூனிகோடின் வழக்கமான யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் கொள்வதால், இந்தப் பத்தியைக்கூட அதில் முழுமையாக அடக்க இயலாது. பாத்திரத்தின் உருவமும் அசைவும் விளையாட்டு வட்டிலேயே இருக்க, பொம்மை சுமப்பது தன் அடையாள எண்ணையும், எட்டிய நிலை, சேர்த்த பொன், அணிந்த தொப்பி, குழந்தை சூட்டிய செல்லப்பெயர் ஆகிய வளர்ச்சிக் குறிப்புகளையும்தான். எனினும் அக்குறிப்புகள் விளையாட்டுப் பெட்டியில் அல்லாமல் பொம்மையின் உடலிலேயே எழுதப்பட்டன என்பதுதான் இந்த வடிவமைப்பின் மேன்மை. வீ பெட்டியில் விளையாடி வளர்த்த பொம்மையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, எக்ஸ்பாக்ஸ் வைத்திருக்கும் நண்பன் வீட்டுக்குச் சென்ற சிறுமிக்கு, விட்ட இடத்து வலிமையோடும் தான் வைத்த பெயரோடும் அது அங்கே எழுந்து நின்றது. போட்டி நிறுவனங்களின் பெட்டிகள் ஒன்றோடொன்று பேச மறுத்திருந்த காலத்தில், ஆட்டத்தின் வரலாறு ஆடியவர் கையிலேயே இருந்தது.

2013இல் வந்த ‘ஸ்வாப் ஃபோர்ஸ்’ இதை இன்னும் சிக்கலாக்கியது. 16 பொம்மைகளின் மேற்பாதியையும் கீழ்ப்பாதியையும் காந்தத்தால் மாற்றிப் பொருத்தி 256 உருவங்களை அமைக்க முடிந்ததால், பாதிக்கொரு சில்லு தேவைப்பட்டது. இரு பாதிகளும் ஒரே பாத்திரமாக இணையும் முறையை விளக்கிய பின்னரே, டிஸ்னி தன் ‘இன்ஃபினிட்டி’ வரிசையை 2016 மே மாதம் கைவிட்ட கதைக்குள் நுழைய இயலும்; இரண்டும் அடுத்த வாரம்.