உங்களுக்குத் தெரியுமா? கொரிய ‘ப’வுக்கு இரண்டு கொம்பு!

கொரிய நாடகம் பார்த்துப் பார்த்து, அந்த மொழியைத் தானே படிக்க உட்காருகிறவர்கள் எழுத்தைக் கண்டதும் மிரள்வார்கள்: சீனம் மாதிரி ஆயிரக்கணக்கில் இருக்குமோ? அடிப்படை எழுத்துகள் 24தான். மெய் 14, உயிர் 10. சேஜோங் மன்னர் 1443இல் உருவாக்கி 1446இல் வெளியிட்ட ‘ஹங்குல்’ இது.

மெய்யெழுத்துகள் வாயைப் பார்த்து வரைந்தவை. ‘ம்’ ஒலிக்கு மூடிய வாய்போல ஒரு சதுரம். ‘ப்’புக்கு அதே சதுரத்தின் மேல் இரண்டு கொம்பு, நம் ‘ப’வின் நடுவே குறுக்குக் கோடு இழுத்தால் ஏறக்குறைய அதுதான்! (தற்செயல்தான், சொந்தம் கொண்டாட வேண்டாம்.)

தமிழருக்கு வேறு சலுகைகளும் உண்டு. தமிழைப் போலவே வினை கடைசியில் வரும். உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். ஒரே எழுத்து இடத்துக்கேற்ப ஒலி மாறுவதும் நம்மைப் போலத்தான்: இறைச்சிக்குக் கொரியச் சொல் ‘கோகி’. இரண்டு இடத்திலும் எழுத்து ஒன்றே. முதலில் வருவது ‘கடல்’ க, அடுத்தது ‘தங்கம்’ க. ஆங்கிலேயர் தடுமாறும் இடம் நமக்குப் பழகிய பாதை.

படுத்துவது எண்கள். இரண்டு வரிசை உண்டு: நாட்டு எண், சீனவழி எண். மணியை முன்னதில் சொல்ல வேண்டும், நிமிடத்தைப் பின்னதில். 3 மணி 30 நிமிடம் என்பது ‘சே ஷி சம்ஷிப் புன்’. சே, சம் இரண்டுமே மூன்றுதான்!

ஒன்று மட்டும்: ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் படிக்காதீர்கள். முதல் வாரமே ஹங்குலுக்கு மாறிவிடுங்கள்; உச்சரிப்பு பிழைத்துக்கொள்ளும்.