லாக்டோஸ் வந்தால் விழிக்கும் மரபணுக்கள்

1940-களின் தொடக்கத்தில், ஜெர்மானியப் படைகளின் பிடியில் இருந்த பாரிஸில், ஜாக் மோனோ என்ற ஆய்வாளர் பாக்டீரியாவுக்கு இரண்டு சர்க்கரைகளைக் கலந்து கொடுத்துப் பார்த்தார். சில கலவைகளில் பாக்டீரியா விசித்திரமாக நடந்துகொண்டது. ஒரு சர்க்கரையைத் தின்று தீர்த்தது. சற்று நேரம் வளராமல் நின்றது. பிறகுதான் மற்றதைத் தொட்டது. குளுக்கோஸும் லாக்டோஸும் சேர்ந்திருந்தால் குளுக்கோஸுக்கே முதல் மரியாதை.

அந்த இடைவேளையில் பாக்டீரியா சும்மா இருக்கவில்லை. லாக்டோஸை உடைக்கும் நொதியைப் புதிதாகச் செய்துகொண்டிருந்தது. அது எப்படி என்பதை மோனோவும் பிரான்சுவா ஜாக்கோபும் 1961-இல் விரிவாக விளக்கினார்கள். இப்படி ஒன்றாக இயங்கும் மரபணுத் தொகுதிக்கு ஓப்பரான் என்ற பெயரும் அவர்கள் தந்ததுதான்.

ஈ.கோலை பாக்டீரியாவில் லாக்டோஸுக்கான மூன்று மரபணுக்கள் அடுத்தடுத்து அமைந்து, ஒரே ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகின்றன. ஒன்று லாக்டோஸை உள்ளே இழுக்கும் புரதத்துக்கு. ஒன்று அதை உடைக்கும் பீட்டா-கேலக்டோசிடேஸ் நொதிக்கு. மூன்றாவதை இங்கே விட்டுவிடலாம். மூன்றுக்கும் முன்னால் ஒரு சிறிய டி.என்.ஏ. துண்டு. தெருவின் குறுக்கே படுத்த எருமை மாதிரி அதன்மேல் ஓர் அடக்கிப் புரதம் உட்கார்ந்திருக்கும். படியெடுக்கும் நொதிக்கு வழி கிடைக்காது. லாக்டோஸ் வந்ததும் அதில் கொஞ்சம் அல்லோலாக்டோஸாக மாறி அடக்கியில் ஒட்டுகிறது. அடக்கியின் வடிவம் மாறுகிறது, பிடி நழுவுகிறது, வழி திறக்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. லாக்டோஸ் உள்ளே வர அந்த இழுக்கும் புரதம் வேண்டும். அல்லோலாக்டோஸாக மாற்றுவதோ அதே பீட்டா-கேலக்டோசிடேஸ். இரண்டும் ஓப்பரான் திறந்தால்தான் கிடைக்கும். ஓப்பரான் திறக்க இவை இரண்டும் வேண்டும்! அப்படியானால் முதல் லாக்டோஸ் எப்படி நுழைந்தது? அடக்கி அவ்வளவு கறாரான காவல்காரன் இல்லை என்பதே விடை. அவ்வப்போது டி.என்.ஏ.வை விட்டு அது விலகுகிறது. அந்தச் சந்தில் ஓரிரு படிகள் உருவாகிவிடுகின்றன. அதனால் இந்தப் புரதங்கள் எப்போதும் செல்லில் கொஞ்சம் இருக்கும். குறைபாடுபோலத் தெரியும் இந்தக் கசிவுதான், என் பார்வையில், மொத்த ஏற்பாட்டின் அழகு.

குளுக்கோஸுக்கு ஏன் முன்னுரிமை? அது இருக்கும்வரை லாக்டோஸ் உள்ளே நுழைவதே தடைபடும். அது தீர்ந்ததும் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற சிறு மூலக்கூறு பெருகி, ஒரு துணைப் புரதத்தோடு சேர்ந்து, படியெடுக்கும் நொதியை ஓப்பரானின் வாசலுக்கு இழுக்கிறது. குளுக்கோஸ் இல்லாமல் லாக்டோஸ் மட்டும் இருக்கும்போது பீட்டா-கேலக்டோசிடேஸ் ஏறக்குறைய 1,000 மடங்கு கூடும்.

1965-இல் இருவருக்கும் ஆந்த்ரே லுவோஃபுடன் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. 1978-இல் ஈ.கோலைக்குள் மனித இன்சுலினை முதன்முதலாகத் தயாரித்தபோது, அதற்கான மரபணுக்களை இயக்கியதும் இந்த லாக்டோஸ் விசைதான்.