பரதம், யோகா, சைக்காலஜி: மூன்றும் படித்தவருக்கு என்ன வேலை?

அரங்கேற்றம் முடிந்துவிட்டது. கல்லூரியில் பி.எஸ்ஸி. சைக்காலஜி. நடுவில் ஒரு யோகா டீச்சர் சான்றிதழும் வாங்கியாயிற்று. மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு, இதில் எதை விடுவது என்று குழம்பும் பெண்கள் சென்னையிலும் கோவையிலும் இப்போது நிறைய. பையன்களும் உண்டு, கொஞ்சம். எதையும் விட வேண்டியதில்லை. மூன்றும் சேரும் தொழில் ஒன்று இருக்கிறது. டான்ஸ் மூவ்மென்ட் தெரபி, அதாவது நடன அசைவுச் சிகிச்சை. அதிலும் குழந்தைகளோடு செய்கிற வேலையைப் பற்றித்தான் இங்கே பேச்சு. படிப்பை விட வேண்டாம், ஒரு பழக்கத்தை விட வேண்டும்: எந்த அசைவைப் பார்த்தாலும் திருத்துகிற பழக்கம்.

இந்தத் தொழிலின் ஆரம்ப நாட்களிலேயே அது தெரிந்துவிட்டது. மரியன் சேஸ் என்ற அமெரிக்க நடனக் கலைஞர் 1942இல் வாஷிங்டனில் உள்ள செயின்ட் எலிசபெத்ஸ் மனநல மருத்துவமனையில் வேலை செய்யத் தொடங்கினார். யாரோடும் பேசாமல் ஒடுங்கிப்போன நோயாளிகளுக்கு அவர் ஸ்டெப் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒருவர் உட்கார்ந்தபடி முன்னும் பின்னும் அசைந்துகொண்டிருந்தால், இவரும் அதே வேகத்தில் அசைவார். பிறகு மெல்ல அதைப் பெரிதாக்குவார், பக்கத்தில் இருப்பவரையும் சேர்த்துக்கொள்வார். 1966இல் அமெரிக்க நடன சிகிச்சைச் சங்கம் உருவானபோது அவரே முதல் தலைவர்.

இதில் குழந்தை உளவியல் எங்கே வருகிறது? நம் பாட்டிகளிடம் கேட்டாலே பாதி தெரிந்துவிடும். கழுத்து நின்றதா, குப்புற விழுந்ததா, தவழ்ந்ததா என்று அசைவை வைத்துத்தான் அவர்கள் வளர்ச்சியைக் கணக்கெடுத்தார்கள். பிள்ளைத்தமிழும் அப்படித்தான். கையூன்றித் தலை நிமிர்த்தி ஆடினால் செங்கீரை, கைகொட்டினால் சப்பாணி, தளர்நடை போட்டால் வருகை. நியூயார்க்கில் பணியாற்றிய மனநல மருத்துவர் ஜூடித் கெஸ்டன்பெர்க் குழந்தைகளின் அசைவை வருடக்கணக்கில் கவனித்துக் குறித்து, வளர்ச்சிப் படிகளோடு சேர்த்துப் பத்து வகை அசைவுத் தாளங்களாகப் பிரித்தார். பிள்ளைத்தமிழிலும் பத்துப் பருவம்தான். இந்தப் பொருத்தத்தை நான் பெரிதுபடுத்தப் போவதில்லை.

கெஸ்டன்பெர்க்கைவிட இத்தொழிலுக்கு வருகிறவர்கள் முதலில் படிக்க வேண்டியவர் எஸ்தர் தேலன் என்பேன். பிறந்த குழந்தையைக் கக்கத்தில் பிடித்து, பாதம் தரையில் படும்படி நிறுத்தினால் நடப்பதுபோல் காலை எடுத்து வைக்கும். இரண்டு மாதத்தில் அது மறைந்துவிடும். மூளை வளர வளர அந்த அனிச்சைச் செயல் அடங்கிவிடுகிறது என்றுதான் வெகுகாலம் விளக்கம் சொல்லி வந்தார்கள். தேலனுக்குச் சந்தேகம். மல்லாந்து படுத்திருக்கும்போது குழந்தை ஏறக்குறைய அதே மாதிரிதான் உதைக்கிறது, அது மட்டும் ஏன் மறையவில்லை? அவரும் சகாக்களும் குழந்தைகளைத் தண்ணீர்த் தொட்டியில் கால் மூழ்கப் பிடித்துப் பார்த்தார்கள். அடங்கிப்போன நடை திரும்பி வந்தது! காலில் சின்ன எடையைக் கட்டினால் குறைந்தது. கொழுப்பு சேர்ந்து கால் கனத்துவிட்டது, தூக்கும் பலம் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான் சங்கதி. 1984இல் வெளியான ஆய்வு இது. குழந்தைக்கு வரவில்லை என்று முடிவு கட்டுமுன் தரை எப்படி, உடம்பின் கனம் எவ்வளவு, யார் எப்படிப் பிடித்திருக்கிறார்கள் என்றெல்லாம் பார்க்கும் கண் இதிலிருந்துதான் வரும்.

நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கேரன் அடால்ஃப் குழு 2012இல் இன்னொன்றைக் கணக்கெடுத்தது. 12 முதல் 19 மாதக் குழந்தைகள் விளையாடும்போது ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடி வைக்கின்றன, 17 முறை விழுகின்றன. யாரும் பாடம் எடுப்பதில்லை. அரைமண்டி சரியாக உட்காரவில்லை என்று தட்டுக்கழியை ஓங்கிப் பழகியவர்கள் இந்த எண்களை ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

திருத்தாமல் செய்யும் இந்தச் சிகிச்சை வகுப்பறையில் எப்படி நடக்கும்? ஆட்டிசம் உள்ள ஆறு வயதுப் பையன் என்று வைத்துக்கொள்வோம், பேச்சு இன்னும் வரவில்லை. சுவரைத் தடவியபடியே ஹாலைச் சுற்றி ஓடுகிறான். மூலைக்கு மூலை நின்று இரண்டு தடவை குதிக்கிறான். நடன டீச்சராக இருந்தால், "இங்க வா கண்ணா, நடுவுல நில்லு" என்பார். தெரபிஸ்ட் எதிர்ச்சுவரில் கை வைத்து ஓடுவார். அவன் குதிக்கும்போது இவரும் குதிப்பார், "தக" என்று வாயால் சொல்லிக்கொண்டே. பல நாள் வகுப்பு மொத்தமுமே இவ்வளவுதான். வெளியே உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்குக் காசு வீண் என்றுகூடத் தோன்றும். ஒருநாள் அவன் குதித்துவிட்டு, இவரும் குதிக்கிறாரா என்று திரும்பிப் பார்ப்பான். அன்றைய நோட்டில் எழுத வேண்டிய விஷயம் அந்தப் பார்வை. அதற்குப் பிறகுதான் இவர் ஒரு குதிப்பைக் கூட்டி "தகிட" ஆக்குவார். அவன் மூன்றாவதையும் போடுகிறானா, இல்லை விலகிப் போகிறானா? காலப்பிரமாணம் பிசகாமல் நிற்கப் பழகிய உடம்பு இங்கேதான் கைகொடுக்கும்.

சேர்ந்து அசைவதற்கு இவ்வளவு மதிப்பா என்று கேட்கலாம். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 14 மாதக் குழந்தைகளை ஒருவர் தூக்கிவைத்துப் பாட்டுக்குக் குதிக்கவைக்க, எதிரே இன்னொருவரும் குதித்தார். அவர் தாளம் ஒத்துக் குதித்திருந்தால், பின்னால் அவர் கீழே போட்ட பொருளைக் குழந்தைகள் அதிகமாக எடுத்துக்கொடுத்தன. 2014இல் வெளியானது.

யோகாவுக்கு நான் சின்ன இடம்தான் தருவேன். ஓடி முடித்தபின் மூச்சு இறங்கக் காத்திருப்பது, முதுகோடு முதுகு சாய்த்து மூச்சை உணரவைப்பது, இவ்வளவு போதும். சின்னக் குழந்தைகளுக்கு மூச்சடக்கும் பயிற்சி வேண்டாம். "கண்ணை மூடு" என்பது அமைதி தரும் என்று நாம் நினைப்போம். அடி வாங்கி வளர்ந்த குழந்தைக்கு அது பயமாக இருக்கலாம்.

பலன் பற்றி அடக்கிப் பேசுவது நல்லது. மனச்சோர்வுக்கு நடன அசைவுச் சிகிச்சை உதவுமா என்று ஏற்கெனவே நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2015இல் அலசிய காக்ரேன் மதிப்பாய்வுக்குக் கிடைத்தவை 3 ஆய்வுகள், 147 பேர். முடிவு சொல்ல இது போதாது என்றுதான் எழுதினார்கள். ஆட்டிசத்தைக் குணப்படுத்துவோம் என்று போர்டு வைத்திருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். இந்தியாவில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று தொழில் செய்ய, 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு வேண்டும், பி.எஸ்ஸி. போதாது. டான்ஸ் தெரபிஸ்ட்டுக்கோ இங்கே வெகுகாலம் தனி உரிமம் எதுவும் இருந்ததில்லை. அதனால் வாரக்கடைசி கோர்ஸ் முடித்தவரும் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்கிறார். நியூயார்க் மாநிலத்தில் கலைவழிச் சிகிச்சை உரிமத்துக்கு முதுநிலைப் பட்டம், தேர்வு, மூத்தவர் மேற்பார்வையில் 1,500 மணி நேர அனுபவம் எல்லாம் கேட்கிறார்கள்.

நம் ஊரில் வழி கொஞ்சம் சுற்றுத்தான். கலாக்ஷேத்ராவில் பரதம் படித்துவிட்டு அமெரிக்காவில் இந்தச் சிகிச்சையைக் கற்று வந்த திரிபுரா காஷ்யப் போன்றவர்கள் இங்கே பாதை போட்டவர்கள். மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், கொல்கத்தா சன்வேத் அமைப்போடு சேர்ந்து டிப்ளமோ நடத்தியிருக்கிறது. குழந்தைகள்தான் குறி என்றால், சிறப்புப் பள்ளி ஒன்றில் ஒரு வருடம் உதவியாளராக இருந்துவிட்டு அப்புறம் கோர்ஸ் தேடுங்கள். சேருமுன் ஒன்று மட்டும் கேளுங்கள்: நான் குழந்தைகளோடு வேலை செய்யும்போது அனுபவமுள்ள ஒருவர் எத்தனை மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பார்? பதில் மழுப்பலாக வந்தால் பணத்தைக் கட்டாதீர்கள்.