தோள்பட்டை எக்ஸ்ரேவுக்கு என்ன கட்டணம்? பொதுக் குறியீடு இல்லாத மருத்துவ ரசீதுகள்

புது தில்லி: தோள்பட்டையில் அடிபட்டு மருத்துவமனைக்குச் செல்வோருக்கு முதலில் எழுதித் தரப்படுவது எக்ஸ்ரே பரிசோதனை. ஆனால், அதற்கான ரசீதில் பெரும்பாலும் ஒற்றை வரியும் ஒரு தொகையும் மட்டுமே இருக்கும். எத்தனை கோணங்களில் படம் எடுக்கப்பட்டது, மருத்துவரின் அறிக்கைக்கும் சேர்த்துத்தான் கட்டணமா என்பது நோயாளிக்குத் தெரிவதில்லை.

சிறிய தொகைதானே என்று இதனை ஒதுக்கிவிட இயலாது. எதற்கு எவ்வளவு என்பதே தெளிவாக இல்லாதபோது, கட்டணத்துக்கு வரம்பு நிர்ணயிப்பது எப்படி?

அமெரிக்க முறை: அமெரிக்க மருத்துவச் சங்கம் 1966-இல் வெளியிடத் தொடங்கிய குறியீட்டுத் தொகுப்பில், தோள்பட்டையை ஒரு கோணத்தில் மட்டும் படம் எடுத்தால் 73020, குறைந்தது இரு கோணங்களில் எடுத்தால் 73030. வலது, இடது தோள்களைக் குறிக்கவும், கருவிக்கான செலவையும் மருத்துவர் அறிக்கைக்கான கட்டணத்தையும் பிரித்துக் காட்டவும் துணைக் குறியீடுகள் உண்டு. இதனால் அங்கு மருத்துவச் செலவு குறைந்துவிடவில்லை. எனினும், ஒரு மருத்துவமனையின் கட்டணத்தை இன்னொன்றுடன் ஒப்பிட முடிகிறது.

இரு பட்டியல்கள்: இந்தியாவிலும் பட்டியல்களுக்குப் பஞ்சமில்லை. 1954-இல் தில்லியில் தொடங்கப்பட்ட மத்திய அரசு சுகாதாரத் திட்டம் (சிஜிஎச்எஸ்) பரிசோதனை வாரியாகக் கட்டணம் நிர்ணயித்துள்ளது. சுமார் 2,000 இனங்களுக்கான கட்டணங்கள் 2025 அக்டோபரில் மாற்றியமைக்கப்பட்டன. ஆனால், இதன் பயன் மத்திய அரசு ஊழியர்கள், ஓய்வூதியர்கள் உள்ளிட்ட பயனாளிகளுக்கே.

2018-இல் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்திலும் சிகிச்சைகளுக்குத் தனிக் குறியீடுகள் உண்டு. எனினும், அது மருத்துவமனையில் அனுமதிக்கப்படுவோருக்கானது. எக்ஸ்ரே மட்டும் எடுத்துக்கொண்டு வீடு திரும்புபவர், தம் கையிலிருந்தே பணம் செலுத்த வேண்டும்.

சட்டம் இருந்தும்: 2010-ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் 2012-இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி, மருத்துவமனைகள் தங்கள் கட்டணங்களை உள்ளூர் மொழியிலும் ஆங்கிலத்திலும் காட்சிக்கு வைக்க வேண்டும், மாநிலங்களுடன் கலந்தாலோசித்து மத்திய அரசு நிர்ணயிக்கும் வரம்புக்குள்ளேயே வசூலிக்க வேண்டும். மாநிலங்களிடமிருந்து பதில் வராததால் வரம்பை நிர்ணயிக்க இயலவில்லை என்று மத்திய அரசு கூறியது. இதனை ஏற்காத உச்ச நீதிமன்றம், தீர்வு காணப்படாவிட்டால் இடைக்கால ஏற்பாடாக சிஜிஎச்எஸ் கட்டணங்களை அமல்படுத்துவது குறித்துப் பரிசீலிக்க நேரிடும் என 2024 பிப்ரவரி 27-இல் எச்சரித்தது.

அரசு நிர்ணயிக்கும் கட்டணம் செலவுக்கே போதாது என்பது தனியார் மருத்துவமனைகளின் வாதம். பெருநகர மருத்துவமனைக்கும் சிற்றூர் மருத்துவமனைக்கும் ஒரே கட்டணம் பொருந்தாது என்பதும் உண்மையே. மேலும், மருத்துவமனைகள் மாநிலப் பட்டியலில் உள்ளவை. மத்தியச் சட்டம் அதனை ஏற்ற மாநிலங்களில்தான் செல்லும். தமிழகத்தில் 1997-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் உள்ளது.

கட்டண வரம்பு குறித்த கருத்தொற்றுமைக்குக் காலம் பிடிக்கலாம். ஆனால், ஒரே பரிசோதனைக்கு நாடெங்கும் ஒரே பெயர், ஒரே குறியீடு என்பதற்கு அவ்வளவு தடை இருக்க நியாயமில்லை. ரசீது தெளிவானால்தான் கேள்வி கேட்கும் உரிமை நோயாளிக்குக் கிடைக்கும்.