பவர் பேங்க் டிராப்ஷிப்பிங்: பார்சல்ல உங்க பேரு இருந்தா, பொறுப்பும் உங்களுக்குத்தான்!



சம்பளம் ஒண்ணாம் தேதி வருது. இஎம்ஐ, வாடகை போக பதினஞ்சாம் தேதியே பர்ஸ் காலி. அப்போதான் சைடு இன்கம் பத்தி யோசிக்கிறோம். "ஸ்டாக் வேண்டாம், குடோன் வேண்டாம், ஆர்டர் வந்தா சப்ளையரே அனுப்பிடுவார்"னு யாராவது சொன்னா, உடனே ஆசை வந்துடும். அதுவும் பவர் பேங்க் மாதிரி எல்லாருக்கும் தேவைப்படுற பொருள்னா கேட்கவே வேண்டாம்.

ஒரு சின்ன கணக்கு போடுவோம். சப்ளையர் விலை 800 ரூபாய், நீங்க விற்கிறது 1,299. கூரியர், பேமென்ட் கேட்வே, விளம்பரச் செலவு எல்லாம் போக ஒரு பீஸுக்கு 150 ரூபாய் நிற்குதுன்னு வைங்க. மாசம் 60 ஆர்டர் வந்தா 9,000 ரூபாய். நல்ல காசுதான். ஆனா அந்த 9,000-க்காக நீங்க எதைப் பணயம் வைக்கிறீங்கன்னு தெரியுமா?

பிளைண்ட் ஷிப்பிங்னா என்ன?

சப்ளையர் தன் பேரையும் விலையையும் மறைச்சு, அனுப்புநர் இடத்துல உங்க பேரைப் போட்டு, நேரா கஸ்டமருக்கு அனுப்புறதுதான் பிளைண்ட் ஷிப்பிங். டி-ஷர்ட், மொபைல் கவர் விற்கும்போது இது சாதாரண விஷயம். அடுத்த முறை கஸ்டமர் உங்களை விட்டுட்டு சப்ளையர்கிட்ட நேரா போயிடக் கூடாது, அவ்வளவுதான் நோக்கம்.

பவர் பேங்க் கதையே வேற. அதுக்குள்ள இருக்கிறது லித்தியம் அயான் பேட்டரி. சர்வதேச விதிகள்ல இது 9-ஆம் வகுப்பு அபாயகரமான சரக்கு. தனி பேட்டரியா அனுப்பினா அதோட எண் யுஎன் 3480. பவர் பேங்க்கும் இந்த எண்லதான் வரும். இயர்பட்ஸ் மாதிரி கருவிக்குள்ளேயே பேட்டரி இருந்தா யுஎன் 3481.

விமானத்துல ஏத்தணும்னா...

யுஎன் 3480 சரக்கைப் பயணிகள் விமானத்துல கார்கோவா ஏத்த 2016 ஏப்ரல் 1-ல இருந்து தடை. சரக்கு விமானத்துல மட்டும்தான் போகும். அதுலயும் சார்ஜ் 30 சதவீதத்துக்கு மேல இருக்கக் கூடாது. 9-ஆம் வகுப்பு லேபிள், 'சரக்கு விமானத்தில் மட்டும்' லேபிள், அனுப்புநரோட கையெழுத்து போட்ட அறிவிப்புப் படிவம், எல்லாமே வேணும். பேக் பண்றவரும் கையெழுத்து போடுறவரும் அதுக்கான பயிற்சி எடுத்திருக்கணும்.

சிக்கல் இங்கதான். அந்தப் படிவத்துலயும் பெட்டி மேலயும் அனுப்புநரோட பேர், முகவரி இருக்கணும். பெட்டியில உங்க பேர், படிவத்துல சப்ளையர் பேர்னு மாறியிருந்தா, சரக்கை வாங்குற இடத்துலயே நிறுத்திடலாம். ரெண்டுலயும் உங்க பேரே இருந்தா? நீங்க கண்ணாலகூட பார்க்காத பெட்டிக்கு "எல்லாம் விதிப்படி இருக்கு"ன்னு நீங்களே உறுதி கொடுத்த மாதிரி ஆகிடும்.

சில சப்ளையர்கள் இதுக்கு ஒரு 'ஷார்ட்கட்' வச்சிருப்பாங்க. பில்லுல 'மொபைல் ஆக்சஸரீஸ்'னு மட்டும் போட்டு அனுப்பிடுவாங்க. இது ஏன் விளையாட்டு இல்லைன்னு பாருங்க. 2010 செப்டம்பர் 3-ஆம் தேதி, துபாய்ல இருந்து ஜெர்மனியோட கொலோன் நகருக்குக் கிளம்பின யுபிஎஸ் சரக்கு விமானத்துல தீப்பிடிச்சு, விமானம் விழுந்து, ரெண்டு விமானிகளும் இறந்தாங்க. அதுல இருந்த லித்தியம் பேட்டரி சரக்குல குறைஞ்சது மூணு, 9-ஆம் வகுப்புன்னு அறிவிச்சிருக்க வேண்டியவை. ஆனா அப்படி அறிவிக்கலைன்னு விசாரணையில தெரிய வந்தது.

உங்க சேமிப்புக்கு என்ன ஆபத்து?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ல 86-வது பிரிவு இருக்கு. பொருளால பாதிப்பு வந்து, தயாரிப்பாளர் யார்னே தெரியலைன்னா, அல்லது தெரிஞ்சும் அவருக்கு நோட்டீஸ் கொடுக்க முடியலைன்னா, விற்றவர்தான் பதில் சொல்லணும். தயாரிப்பாளரை நல்லா மறைக்க மறைக்க, அவர் இடத்துல நீங்களே போய் நிற்கிறீங்க!

நம்மள்ல பெரும்பாலானவங்க தனி உரிமையாளராதான் சைடு பிசினஸ் ஆரம்பிப்போம். அதுல பிசினஸ் காசு வேற, உங்க காசு வேறன்னு சட்டம் பிரிச்சுப் பார்க்காது. இழப்பீடு கட்டச் சொன்னா எஃப்டி, மியூச்சுவல் ஃபண்ட் வரைக்கும் கை வைக்க வேண்டி வரலாம். மாசம் 9,000 வீதம் ஒரு வருஷம் சேர்த்தா 1,08,000 ரூபாய். ஒரே ஒரு கேஸ் போதும், அது மொத்தமும் காலி.

அப்போ என்னதான் பண்றது?

1. அனுப்புநர் பேரை சப்ளையர் பேர்லயே விடுங்க. மறைக்க வேண்டியது விலையை மட்டும்தான். பில்லைப் பெட்டிக்குள்ள வைக்காம நீங்க தனியா மெயில்ல அனுப்பலாம். ஆபத்து லேபிளையோ, தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் விவரத்தையோ ஒருபோதும் மறைக்கக் கூடாது.

2. யுஎன் 38.3 சோதனைச் சுருக்கத்தைக் கேளுங்க. 2020 ஜனவரியில இருந்து தயாரிப்பாளரும் விநியோகஸ்தரும் இதைத் தரக் கடமைப்பட்டவங்க. "அதெல்லாம் யார் சார் கேட்கிறாங்க?"ன்னு பதில் வந்தா, அந்த சப்ளையருக்கு அங்கேயே டாட்டா.

3. பிஐஎஸ் பதிவு எண்ணைச் சரிபாருங்க. பவர் பேங்க்குக்கு இது கட்டாயம். வேற பிராண்டுக்கு வாங்கின பதிவை வச்சு, உங்க பிராண்ட் பேர்ல ஸ்டிக்கர் ஒட்டி விற்க முடியாது.

4. வாட்-ஹவர் கணக்கு போடுங்க. 20,000 எம்ஏஹெச்சை 3.7 வோல்ட்டால பெருக்கி 1,000-ஆல வகுத்தா 74 வாட்-ஹவர். 30,000 எம்ஏஹெச்னா 111. 100-ஐத் தாண்டினா விமான விதிகள் இன்னும் கடுமை ஆகும்.

5. கூரியர்கிட்ட உள்ளே பேட்டரி இருக்குன்னு சொல்லிட்டு, தரை வழியிலதான் போகும்னு எழுத்துல வாங்குங்க. டெலிவரி ரெண்டு நாள் லேட் ஆனாலும் பரவாயில்ல.

6. வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்றா, பொதுவா முதல் ஆர்டர்ல இருந்தே ஜிஎஸ்டி பதிவு வேணும். அந்தச் செலவையும் உங்க 150 ரூபாய்ல கழிச்சுப் பாருங்க.

இவ்வளவும் பண்ணி மிச்சம் நிற்குதுன்னா தாராளமா இறங்குங்க. இல்லைன்னா கேபிள், மொபைல் கவர் மாதிரி பேட்டரி இல்லாத பொருள்ல ஆரம்பிங்க. லாபம் கொஞ்சம் கம்மியா இருக்கலாம். ஆனா ராத்திரி நிம்மதியா தூங்கலாம், நண்பர்களே.

உங்க சப்ளையர் 38.3 சோதனைச் சுருக்கம் கொடுத்தாரா, இல்ல மழுப்பினாரா? கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த வீடியோவுல சந்திப்போம்!