உளநூற் பாடமும் உயிருண்மையும்

உளநூல், உளவியல், மனோதத்துவம் என்று பலவாறு வழங்கப்படுங் கலையை இந்நாளில் மாணாக்கர் பலர் கற்கின்றனர். பண்டு தகடூர் எனப் பெயர் பெற்றிருந்த தருமபுரி மாவட்டத்தினும், ஆசிரியப் பயிற்சி பெறுவார்க்கும் செவிலியர் கல்வி பயில்வார்க்கும் அதன் ஒருபகுதி பாடமாக அமைந்துளது. இம்மாவட்டத்துக் கலைக்கல்லூரிகள் இணைவுற்ற சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் அதற்கெனத் தனித்துறையே உண்டு. ஆகவே, சைவ நன்மக்கள் இல்லத்துப் பிள்ளைகளிற் பலர் உள்ளத்தைப்பற்றி முறையாகக் கற்பது மெய்கண்ட சாத்திரத்தினின்றன்று. இக்கலையின் முதற் பாடநூலினின்றேயாம். அப்பாடம் எவற்றை எடுத்துக்கொள்கின்றது, எதனை விட்டுச் செல்கின்றது, விட்டதனைக் கற்பார் எங்ஙனங் கொள்ளல் வேண்டும் என்பன ஆராயற்பாலன.

தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் கழகத்தார் பதினொராம் வகுப்பிற்கென 2006-ஆம் ஆண்டு வெளியிட்ட உளவியல் அறிமுக நூலைச் சான்றாகக் கொள்வோம். அது 9 அதிகாரங்களையுடையது. உளவியல் யாது, ஆராயும் முறைகள் யாவை, நடத்தைக்கு அடிப்படையான மூளை நரம்பு முதலியன எவை என்பன முதலிற் கூறப்படும். பின்னர் மனித வளர்ச்சி, புலனுணர்வுங் கவனமும், கற்றல், நினைவு, சிந்தனை, ஊக்கமும் உணர்ச்சியும் என இவை முறையே வரும். அடுத்த வகுப்பு நூலில் ஆளுமை, உளநோய், அதனைத் தீர்க்கும் முறைகள், குழுவியல்பு முதலியன இடம்பெறும். அமெரிக்கப் பாடநூல்கள் பலவற்றில் துயிலுங் கனவுந் தனி அதிகாரம் பெறும். அறியுங் கருவிகளும் அவற்றின் தொழில்களும் இங்ஙனம் விரிவுற ஓதப்பட, அறிகின்றவன் யாவன் என்பதற்கு அதிகாரம் இல்லை.

இஃது எங்ஙனம் நேர்ந்தது? மேனாட்டார் இக்கலைக்கு இட்ட பெயரின் முதற்பகுதி கிரேக்க மொழியில் ஆன்மாவைக் குறிப்பதாம். 1879-இல் செருமனியின் இலைப்சிக்கு நகரத்து வுண்ட் என்பார் ஆய்வுக்கூடம் அமைத்தபின், சோதித்து அளந்தறியப்படுவனவே இக்கலைக்குரியன என்னும் வரையறை வலுப்பெற்றது. 1890-இல் பெருநூல் இயற்றிய வில்லியம் சேம்சு, ஆன்மா என்னுங் கோள் உளநூலுக்கு வேண்டப்படுவதன்று என ஒதுக்கி, ஓடிச்செல்லும் எண்ணமே எண்ணுவோனுமாம் என்றார். 1913-இல் வாட்சன் என்பார் புறத்தே காணப்படும் நடத்தையன்றிப் பிறிதொன்றையும் ஆராயற்க என்றார். நம் நாட்டிற் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1915-இல் ஆய்வுக்கூடமும், 1916-இல் தனித்துறையும் தோன்றின; பாடத்திட்டமும் அவ்வழியே அமைந்தது.

இனி, சைவ சித்தாந்தத்திற்கும் ஒரு முதற்பாடம் உண்டு. அஃது மனவாசகங் கடந்தார் அருளிய உண்மை விளக்கமாம். அதன்கண் மாணாக்கர் வினவும் முறை நோக்கத்தக்கது. முப்பத்தாறு தத்துவம் யாவை என்பது முதல் வினா. ஆணவம் யாது, வினை யாது என்பன அடுத்தவை. அவற்றின்பின் நான் யார், நீ யார் என்பன எழும். கருவிகளை முதற்கண் அறிதலில் இரு பாடங்களும் ஒத்தனவே. நான் யார் என்னும் வினாவில் ஒன்று நின்றுவிட, மற்றொன்று மேற்செல்கின்றது.

ஒத்த பகுதியினும் ஒன்றின் பணி மற்றொன்றின் பணியன்று. சித்தாந்தம் நனவில் 35 கருவிகளும், கனவில் 25-உம், சுழுத்தியில் 3-உம், துரியத்தில் 2-உம், துரியாதீதத்தில் 1-உம் தொழிற்படும் எனக் கூறும். உளநூலார் 1885-இல் மறதியின் அளவைக் கணக்கிட்டனர். 1953-இல் துயிலினிடையே கண்கள் விரைந்து அசையும் நிலையொன்று உண்டெனக் கண்டு, அதனைக் கனவோடு இயைத்தனர். இவையெல்லாம் நம் நூல்களிலேயே உள என்று சாதித்தல் முறையன்று. அங்ஙனஞ் சாதிப்பது பிறர் உழைப்பையும் இகழ்ந்து, நம் நூலின் நோக்கத்தையும் மறைப்பதாம்.

எண்ணமே எண்ணுவோன் எனின், ஆன்மா எதற்கு என்பார்க்கு விடை வருமாறு: ஓர் எண்ணம் தோன்றிய கணத்தே மறைவது. மறைந்த எண்ணம் மறைந்ததென்பதை அதுவே அறியாது. பின்வருவது முன்னே இன்மையின் அதுவும் அறியமாட்டாது. முன்னதனைப் பின்னதற்கு ஒப்படைக்கும் எனின், ஒப்படைத்தலைக் கண்டு நின்ற ஒன்று வேண்டப்படும். கணந்தோறும் அழியும் அறிவே உயிர் என்ற புத்தரது கொள்கையைச் சிவஞானசித்தியார் பரபக்கத்தில் மறுத்த இடத்து இத்தடை முன்னரே ஆராயப்பட்டுள்ளது. சிவஞானபோதம் மூன்றாஞ் சூத்திரம், எனதுடல் என வேறாக வைத்துக் கூறுதல் முதலிய ஏதுக்களால் உடம்பினுள் ஆன்மா உண்மையை நிறுவிற்று. நான்காஞ் சூத்திரம், அமைச்சரோடு கூடிய அரசன்போல அந்தக்கரணங்களோடு கூடிநிற்கும் ஆன்மா அவற்றின் வேறென்றது.

பன்னிரண்டாம் வகுப்பு நூலில் 'தான்' என்பதுபற்றிய பகுதி உளதே எனின், ஆண்டுக் கூறப்படுவது பெரும்பாலும் ஒருவன் தன்னைப்பற்றிக் கொண்ட கருத்தும் மதிப்புமாம். அவை அறியப்படும் பொருள்கள். அறுசுவைகளை உண்டு வேறுபாடு கூறுவான் சுவைகளின் வேறாதல்போல, அக்கருத்துக்களை அறிவானும் அவற்றின் வேறாவன்.

ஆகலின், உளநூல் ஆன்மாவை விட்டது என்பதற்கும், இல்லையென நிறுவியது என்பதற்கும் வேற்றுமை பெரிது. அளத்தற்கியலாததனை அளவைக்கருவி கொண்டு மறுத்தலும் இயலாது. இவ்வேற்றுமையைச் சொல்லாதொழியின், விடுபட்டதனை இல்லாததென்றே இளைஞர் கொள்வர். மற்றொருபால், அக்கலையை நாத்திகமென வெறுத்து, உளநோயுற்றாரை மருத்துவர்பாற் செலுத்தாது வினைப்பயனென வாளாவிருத்தலும் பெருந்தவறாம். உடம்புங் கரணங்களும் மாயையின் காரியமாதலின், அவை பழுதுற்றவழி மருந்து நாடுதல் சித்தாந்தத்திற்கு மாறன்று.

கல்லூரிப் பாடத்தை மாற்றுதல் சைவர் கையிலில்லை. அதன் எல்லையை உணர்த்துதல் அவர் கையிலுளது. உளநூல் கற்கும் மாணாக்கர்க்கு விடுமுறை நாட்களில் உண்மை விளக்கத்தையும் உடன் ஓதுவிப்பின், கருவிகளை அங்குங் கருவியுடையானை இங்கும் அவர் அறிந்துகொள்வர்.

திருச்சிற்றம்பலம்.